தீவில் செத்த குணம் அண்ணை

ஒக்டோபர் 16, 1994. ஞாயிறு

மழை. குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். நான்கு ஆம்பிளைகள் இருக்கும் ஃபிளாட்டில் அது ஒழுகுவது என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது.

பத்தரைக்கு ரெலிபோன். இந்த வாரம் மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் குணம் அண்ணை எடுத்து, "ரோங் நம்பர்" என்று வைத்துவிட்டார். இன்று நான் எடுத்தேன். தூரத்துக் குரல், உடைந்த இங்கிலிஷ். கிரேக்கத் தீவொன்றின் பொலிஸ் இன்ஸ்பெக்டராம். துருக்கிக் கரைக்கு எதிரே உள்ள சின்னத் தீவு. ஓகஸ்டில் அங்கே பாறையடியில் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது. வயிற்றில் பொலித்தீன் பார்சல் கட்டியிருந்ததாம். உள்ளே ஒரு சிறிலங்கா பாஸ்போட், எங்கள் நம்பர் எழுதிய கடதாசித் துண்டு. பாஸ்போட்டில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

குணம் அண்ணையின் முழுப் பெயர்.

"இந்த ஆளைத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "இறந்துவிட்டார். வருந்துகிறேன்."

இறந்தவர் எனக்கு நாலடி தள்ளி, சாரமும் பெனியனுமாக முட்டை பொரித்துக்கொண்டு நின்றார்.

"ஆரடா?"

"கிரேக்கப் பொலிஸ். நீங்கள் செத்துப்போனியளாம்."

முட்டையைப் பிரட்டினார். "வையடா போனை."

முகத்தில் ஒரு திடுக்கிடலும் இல்லை. இன்ஸ்பெக்டர் இன்னொன்றும் சொன்னார்: முதல் தடவை போன் எடுத்தவருக்குக் கிரேக்கம் தெரியும், பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார். குணம் அண்ணை கிரேக்கக் கப்பலில் ஐந்து வருடம் இருந்தவர். இப்போதும் டான்ஃபோர்த் தெருவில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறார். எல்லாம் விளங்கித்தான் வைத்திருக்கிறார்.

கேட்டதற்குச் சொன்ன விளக்கம்: "வந்து இறங்கின கையோட பாஸ்போட்டை ஏஜென்சிட்டத் திருப்பிக் குடுத்தனான். அடுத்த ஆளைக் கொண்டுவர வேணுமெல்லே. எல்லாரும் செய்யிறதுதானே. நீ குடுக்கேல்லையோ?"

கொடுத்தேன். நானும் கொடுத்தேன்.

ஒக்டோபர் 17. திங்கள்

வேலையால் வரும்போது, நேற்று நான் போனில் கொடுத்த நம்பருக்கு, சந்தியில் உள்ள தமிழ்க் கடையில் ஃபாக்ஸ் வந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் ஒழுங்கான மனிதர். நம்பர் போட்டு எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது.

1. ஆண். முப்பத்தைந்து வயது மட்டில்.
2. உயரம் ஆறடி. (பாஸ்போட்டில் ஐந்தடி நாலு. குணம் அண்ணை என் தோள்மூட்டுக்குத்தான் வருவார்.)
3. சப்பாத்து இல்லை, சேர்ட் இல்லை.
4. கழுத்தில் அந்தோனியார் மெடல். மீன்பிடி நைலோன் நூலில் கோத்தது. முடிச்சு கடலோடியின் முடிச்சு.
5. இரண்டு தோளிலும் ஆழமான நகக் கீறல்கள். அடிபாடா? கொலையா?

கீழே: சனி காலை நகரசபை புதைக்கிறது. வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்குள் எழுத்தில் ஒன்றும் வராவிட்டால் பாஸ்போட்டில் உள்ள பெயரில்தான் புதைப்பார்கள். அங்கே ஐந்து என்றால் இங்கே காலை பத்து.

குணம் அண்ணையிடம் நீட்டினேன். வாசிக்கவில்லை.

"புதைக்கட்டும். பெயரில என்ன கிடக்கு?"

"உங்கட பெயர்."

"வாற மாதம் எனக்கு அகதிக் கேஸ். பாஸ்போட் கொழும்பில துலைஞ்சது எண்டு சத்தியக் கடதாசி குடுத்திருக்கிறன். நீ உவங்களோட கதைச்சு என்ர சீவியத்தில மண்ணைப் போடாதை."

பருப்பு அடிப்பிடித்திருந்தது. அப்படியே சாப்பிட்டோம்.

ஒக்டோபர் 18. செவ்வாய்

வெயில், காற்று. தொழிற்சாலையில் எண்பது சேர்க்கிட் போட் சோதித்தேன். ஆறு பழுது. பழுதைப் பிடிக்க ஒரே வழி, வெளியே வரும் முனையில் தொடங்கிப் பின்னால் போவது. யோசனை தேவையில்லை, பொறுமை வேண்டும். எனக்கு அது குறைவு. ஆனாலும் செய்தேன்.

வெளியே வந்த முனை எங்கள் நம்பர். பார்க்டேலில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தது ஜூலையில். நம்பரும் அப்போதுதான் புதுசு. ஃபாக்ஸில் அந்தத் துண்டின் பிரதியும் இருந்தது. நம்பருக்கு மேலே ஏதோ கிறுக்கல் என்று இன்ஸ்பெக்டர் வட்டம் போட்டிருக்கிறார். கிறுக்கல் இல்லை, தமிழ்: "அண்ணா வீடு".

இந்த வீட்டில் தம்பி உள்ளவர் குணம் அண்ணை ஒருவர்தான். தம்பி தேவன், வந்து மூன்று கிழமை. எங்கள் சோபாவில் படுத்திருந்து ரீவியில் மல்யுத்தம் பார்க்கிறான்.

ரீவியை நிற்பாட்டித் துண்டை மடியில் போட்டேன். "உன்ர கையெழுத்தோ?"

ஓம் என்றான். பிறகு தானாகவே வந்தது. அண்ணன் தம்பி ஒரே முகம் என்பதால் குணம் அண்ணையின் பாஸ்போட்டிலேயே அவனை அனுப்பினார்களாம். படகுக்காரன் தீவுக்குக் கிட்டக் கொண்டுபோய், குதியுங்கோ என்று நாலு பேரையும் கடலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

"சேவியர் அண்ணைக்கு மட்டும்தான் நீந்தத் தெரியும். என்ர பார்சல் அலையில போயிடும் எண்டு தன்ர வயித்தில கட்டினவர். அவற்ர சாமான் எல்லாம் கடலோட போட்டுது. ரெண்டு பேரை ஒவ்வொருத்தராக் கரையில விட்டிட்டு எனக்கெண்டு திரும்பி வந்தவர்."

"பிறகு?"

"பிறகு தெரியாது அண்ணை."

"சேவியருக்கு ஆக்கள் இருக்கினமோ?"

"மனிசி இஞ்சதான். அஜின்கோர்ட்டில. வதனி எண்டு பெயர்."

"சொன்னியோ?"

குசினிக்குள் இருந்து குணம் அண்ணை: "அவன் ஏன் சொல்ல வேணும்? ஏஜென்சி சொல்லும்தானே!"

மூன்று கிழமை. ஒரே ஊர். இரண்டு பஸ், ஒரு சப்வே. இவன் மல்யுத்தம் பார்த்தான்.

இவர்களோடு ஒரே கோப்பையில் ரீ குடிக்க மனம் வரவில்லை. என்னுடையதை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தேன். சின்னப்பிள்ளைத்தனம். தெரியும்.

ஒக்டோபர் 20. வியாழன்

நேற்று ஓவர்ரைம், தப்ப முடியவில்லை. இன்று வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு அஜின்கோர்ட். கடைகளில் பெயரை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பதினோராம் மாடி. வதனி அக்கா பின்னேர வேலைக்கு வெளிக்கிட்டு நின்றார். எனக்கு இந்தக் கதைகள் சொல்லத் தெரியாது. ஃபாக்ஸை எடுத்து நம்பர்படி வாசித்தேன். நாலாவதில், "காணும், நிப்பாட்டுங்கோ" என்றார்.

வெளிக்கிட்ட சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"தம்பி, அவர் பேசாலைக் கடற்கரையான். பத்து வயதில இருந்து கடல். அவர் எப்பிடித் தண்ணியில தாண்டு போனவர்?"

ஃபாக்ஸை மடித்தேன். ஐந்தாவதை வாசிக்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்குப் போன் அடித்தோம். கணவனின் பெயரை அக்காவே எழுத்தெழுத்தாகச் சொன்னார், பிழையில்லாமல். அவர் சொன்னது: மனைவியின் சொல்லை ஏற்கிறேன், ஆனால் பாஸ்போட் வேறு ஆளைச் சொல்கிறது; பார்சலுக்குச் சொந்தக்காரன் நடந்ததை எழுதி ஒப்பமிட வேண்டும்.

வைத்த உடனே மணி அடித்தது. ஏஜென்சிக்காரன். அக்கா ரிசீவரை எனக்கும் கேட்கச் சரித்துப் பிடித்தார்.

"தங்கச்சி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஆள் ஏதென்ஸில நல்ல சுகமா இருக்கிறார். இந்த மாதக் கடைசியில ஏத்துவம்."

"சாப்பாடு எல்லாம் எப்பிடி அண்ணை?"

"அது பிரச்சினை இல்லை. கொஞ்சம் உடம்பும் வைச்சிட்டாராம் எண்டு பொடியள் சொல்லுறாங்கள்."

"சரி அண்ணை."

வைத்தார். நான் கைகழுவும் தொட்டிக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். அக்கா தண்ணீர் தந்தார். எனக்கு! யார் யாருக்குத் தருவது?

திரும்பி வந்து தேவனிடம் சொன்னேன்: நாளைக்குக் காலை ஒன்பது, சந்திக் கடை. குணம் அண்ணை குறுக்கே வந்தார்.

"அவன் எழுதினா எங்கட கேஸ் ரெண்டும் துலைஞ்சுது. உன்னையும் நோண்டுவாங்கள். உன்ர பாஸ்போட் இப்ப ஆற்ர வயித்தில கிடக்கெண்டு உனக்குத் தெரியுமோ, பெரிய மனிசா?"

தெரியாது. அதுதான் உண்மை.

ஒக்டோபர் 21. வெள்ளி

அஜின்கோர்ட் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன்.

எட்டரைக்கே கடை வாசலில் தேவன். வர மாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். பார்சல் தன்னுடையது, இறந்தவர் சேவியர் என்று நான் இங்கிலிஷில் எழுதிவைத்த இரண்டு வரிக்குக் கீழே ஒப்பம் வைத்தான். பேனையைத் திருப்பித் தரவில்லை. அதன் கீழே தமிழில் தானாக எழுதினான்:

"என்னைப் பிடிக்க வந்தார். நான் அவர் தோளில் ஏறினேன். அவர் கீழே போனார். நான் விடவில்லை. பாறை என் கையில் பட்ட பிறகுதான் விட்டேன்."

நின்றபடியே மொழிபெயர்த்து அனுப்பினேன். ஒன்பது நாற்பது. பத்து நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் கடைக்கே எடுத்தார். பெயர் மாற்றியாயிற்று. கொலை என்று எழுதமாட்டாராம். இந்த மாதிரித் தோள்களை முன்பும் பார்த்திருக்கிறாராம்.

"அண்ணை, உதை அந்த அக்காவிட்டக் காட்டுவியளோ?"

"அவ கேட்டவ. காட்டத்தான் வேணும்."

தேவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஒரு ரீ வாங்கிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

பின்னேரம், திரும்பும் ஷெப்பர்ட் பஸ்:

அக்கா நின்றபடியே வாசித்தார். இரண்டு தரம்.

"பொடியனுக்கு எத்தினை வயது?"

"இருபத்தைஞ்சு."

"கொஞ்சங்கூட நீந்தத் தெரியாதோ?"

"தெரியாது."

கடதாசியை மடித்தார். "ஆடாமல் மல்லாந்து கிட, நான் இழுக்கிறன் எண்டு சொல்லியிருப்பார். எனக்கும் அப்பிடித்தான் பழக்கினவர். நானும் முதல் நாள் அவற்ர கழுத்திலதான் ஏறினனான், தம்பி."