இரண்டு புது போல்ட்டுகள்

மார்ச் 16, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். போன வருஷம் அரசாங்கச் சோதனைக்கு இந்த வண்டியைத் தயார் செய்தபோதே, "சைலன்சர் இன்னும் ஒரே ஒரு பனிக்காலம்தான் தாங்கும்" என்று வாய்விட்டுச் சொன்னவன் நான். யார் கேட்டார்கள்?

இன்று அண்ணன் மகள் இகுமி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அண்ணன் விட்டுப்போன குட்டிக் கார். அது போட்ட சத்தத்தில் கொட்டகைக் கூரையில் மிச்சமிருந்த பனி முழுக்கச் சரிந்து விழுந்தது. (ஒரு கூடை அளவாவது விழுந்திருக்கும்.) இந்த யோகொதே ஊரில் பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பு இரும்பைத் தின்னாமல் என்ன செய்யும்?

நெட்டில் வரவழைத்த புது சைலன்சர் வந்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகு. பந்தயக் கார் மாதிரி உறுமும். பட்டறைக்காரன் ஒரு வாரம் கேட்டானாம். "சித்தப்பாவுக்கு ஒரு மத்தியானம் போதும்" என்றேன்.

பாவம், அவளுக்குத் தலைவலி. கண் சிவந்திருக்கிறது. தேவதாரு மரத்து மகரந்தம்தான், மார்ச் வந்தால் ஊரே மூக்கைச் சிந்துகிறதே. "கண்ணாடியை முழுசா ஏத்திவிட்டு ஓட்டும்மா, காத்தையும் உள்ளேயே சுத்த விடு" என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 18

இகுமிக்கு லீவு. மத்தியானம் முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தேன். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்கள் சோப்புத் தண்ணீர் பட்டதும் வெண்ணெய் மாதிரி கழன்றன. அதில் நான் காட்டிய லாகவத்தைப் படம் பிடித்திருக்க வேண்டும்.

முன்பக்கக் குழாயோடு சைலன்சர் சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டுகள். முதலாவதற்கு ஸ்பேனர் போட்டு, இரண்டு யானை பலத்தில் இழுத்தேன். போல்ட் அசையவில்லை. தலையின் மூலைகள்தான் வழுவழுவென்று மழுங்கிப்போயின.

பக்கத்து வீட்டு ஓனோதெரா குனிந்து பார்த்தார். ரயில் பணிமனையில் முப்பத்தெட்டு வருஷம் ஸ்பேனர் பிடித்த மனிதர்.

"என்னடா ஷிகெஹாரு, ஒரு மத்தியானம்னு சொன்னே? எந்த வருஷத்து மத்தியானம்?"

"எண்ணெய் ஊறட்டும்னு விட்டு வெச்சிருக்கேன் அண்ணே."

வளையங்களைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். நாளைக்கு அவளுக்கு வேலை. மலையடிவார முதியோர் இல்லம், பதினெட்டு கிலோமீட்டர், பஸ் கிடையாது.

மார்ச் 19

போன் செய்தாள். வேலைக்குப் போய் இறங்கியதும் வாந்தியாம். "இந்த வருஷம் மகரந்தம் ரொம்ப மோசம், சித்தப்பா." ஆமாம் என்றேன்.

மகரந்தத்துக்கு வாந்தி வருமா?

மார்ச் 20

சாயங்காலம் போகிற வழியில் வந்தாள். துரு இளக்கும் எண்ணெயை இன்னொரு தடவை அடித்தேன். இறங்கவே இல்லை, சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. போல்ட் மேல் கறுப்புப் பூச்சு தார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சோதனைக்கு முன்னால் வண்டியின் அடிவயிற்றுக்கு எல்லோரும் அடிக்கிற கறுப்புதான். அடித்தது யார் என்று எனக்குத் தெரியும். அதை எதற்கு எழுத வேண்டும்?

போகும்போது கண்ணாடிகளை இறுக்கமாக ஏற்றிக்கொண்டாள். நான் சொன்னதை அப்படியே கேட்கிற பெண்.

சோறு இறங்கவில்லை. புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய்கூட.

மார்ச் 21

வந்தபோதே அவள் முகம் வெளுத்திருந்தது. வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றினோம். ஓனோதெரா கூப்பிடாமலே டார்ச்சோடு வந்து அடியில் படுத்தார். கறுப்பைச் சுரண்டினார். வெளியே வந்து இகுமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தலைவலி வண்டியிலயா, வீட்டுலயுமா?"

"வண்டியிலதான் மாமா."

"மகரந்தம் இல்லம்மா அது. புகை. அந்த இணைப்புல கசிஞ்சு, தரையில துருப்பிடிச்ச ஓட்டை வழியா உள்ள வருது. நீ கண்ணாடியை வேற ஏத்திக்கறே."

கண்ணாடியை ஏற்றச் சொன்னவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் வண்டியிலிருந்து பராமரிப்புப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். "அங்க கசியாது மாமா. போன வருஷம்தான் சித்தப்பா மாத்தினார். பாருங்க — இணைப்பு போல்ட் இரண்டு, கேஸ்கெட் ஒன்று, புதிது. முத்திரையே குத்தியிருக்கு."

கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற என் பெயர் முத்திரை. சிவப்பாக, கொஞ்சம்கூடக் கலையாமல். ஓனோதெரா அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு மணிக்கு வேலை. வண்டியை இறக்கி விடுங்க, இன்னிக்கு ஒரு நாள் போயிட்டு வந்துடறேன்."

சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று உள்ளே ஒருத்தன் கத்தினான். அவள் சாவியை எடுத்தாள். நான் அடியில் புகுந்தேன். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, இரண்டாவது போல்ட்டில் மாட்டி, சாய்தளத்தில் காலை உதைத்து மொத்த உடம்பையும் சாய்த்தேன்.

டக்!

குழாய் ஒரு பக்கம் வாயைப் பிளந்தது.

"அடடா, உடைஞ்சுபோச்சே!" என்றேன்.

"சித்தப்பா! எப்படி நான் வேலைக்குப் போறது?" அழுதுவிட்டாள்.

"இனி இதை ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது" என்று ஓனோதெரா அவளைத் தன் குட்டி லாரியில் ஏற்றினார். போகிற போக்கில் என் காதருகே, "தானா உடையற போல்ட்டுக்கும் ஆள் உடைக்கிற போல்ட்டுக்கும் சத்தம் வேறடா" என்றார்.

மார்ச் 22

காலையிலிருந்து நானும் ஓனோதெராவும். மழுங்கிய போல்ட்டை கிரைண்டரில் அறுத்தோம். தீப்பொறி மூன்றாவது வீடு வரைக்கும் பறந்தது. உடைந்து உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை ஓனோதெரா துளை போட்டு எடுத்தார். ட்ரில்லை இறுக்கிப் பிடித்தவன் நான்தான் என்று வைத்துக்கொள்வோம். தரை ஓட்டைக்குத் தகடு வைத்து அடைத்தோம்.

"புது போல்ட் வேணுமே, கடைக்குப் போகணும்" என்றார்.

நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். போன வருஷம் வாங்கியவை. ரசீதோடு, உறை பிரிக்காமல். இணைப்பில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டும்.

அவர் ரசீதின் தேதியைப் படித்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் உறையைப் பிரித்தார். கேட்டிருக்கலாம்.

மார்ச் 25

மகரந்தம் இன்று உச்சம் என்று ரேடியோ சொன்னது. இகுமிக்குத் தலைவலி இல்லை. மூன்று நாளாகவே இல்லை.

புத்தகத்தை நீட்டினாள். "எழுதிக் குத்துங்க சித்தப்பா."

நான் புதிய வரியை எழுதவில்லை. பழைய வரியின் மேல் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். கோட்டின் மேல் முத்திரை குத்தினேன், தப்பைத் திருத்தினால் செய்கிற மாதிரி.

"இது என்ன?"

"போன வருஷம் போல்ட் கழலலை. வாங்கினதை டப்பாவுல போட்டுட்டு மேல கறுப்பு அடிச்சேன். அதைப் புதுசுன்னு எழுதினேன்."

அந்தச் சிவப்பு வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கு உடைஞ்சது?"

"உடைச்சேன்."

"வாயால சொல்லியிருக்கலாமே, சித்தப்பா."

புதிய வரியை ஓனோதெராவிடம் எழுதி வாங்கிக்கொண்டாள். அது நியாயம். போகும்போது நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுப் போனாள். தெருமுனையில் தும்மல் கேட்டது — புது சைலன்சரின் உறுமலையும் மீறி.

இந்த நோட்டிலும் ஒரு திருத்தம். 16-ம் தேதி முதல் வரி. நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு கோடு போட்டாயிற்று. மை ஈரம் காயட்டும், மூடாமல் வைக்கிறேன்.