காரில் போய்க்கொண்டிருப்பவர்

இன்று கல்லறைத் திருநாள். கையெல்லாம் மெழுகு வாசனை. வழக்கம்போல ஒரு மெழுகுவத்தி கூடுதலாகவே வாங்கினேன், உன் கிரேக்கருக்கு.

துறைமுக ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சௌரஸ்தா பாசார் மாடியில் பழைய புத்தகக் கடையில், ஒரு புத்தகத்துக்குள் அவரைக் கண்டுபிடித்தாய். தூதராக ஊர் ஊராய்ப் போனவர், எழுத்தாளர், தன் இனமே மூச்சென்று இருந்தவர். அவர் வாழ்க்கையைத் தமிழில் எழுதப் போகிறேன் என்று உட்கார்ந்தாய். அன்றிலிருந்து உன் புருஷன் நான் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியெல்லாம் ஆறித்தான் போயிற்று. எழுதிக்கொண்டே அவரோடு சண்டையும் போடுவாய்.

"எங்க ஊரு எங்க ஊருன்னு உருகுறாரு. அதே ஊருல மத்த இனத்துக்காரங்களும்தானே குடியிருந்தாங்க? எல்லா இனமும் குடியிருக்கிற நம்ம ஜாலான் தெருவுல ஒரு வாரம் தங்கியிருந்தா மனசு மாறியிருப்பாருலா."

ஆனால் அவரைத் தீவுக்கு நாடு கடத்தியதை எழுதிய அன்று நீ சாப்பிடவே இல்லை.

கடைசி அத்தியாயத்தில் நின்றுவிட்டாய். எதிர் அணியைச் சேர்ந்த சொந்த நாட்டுக்காரர்களே காரை மறித்து, இறக்கி, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். "ஒரு வரிதானே, எழுதிட்டுப் போயேன்லா" என்று கிண்டல் செய்தேன்.

"இன்னிக்கு வேணாம். காருல போய்க்கிட்டு இருக்கட்டும்."

வருஷா வருஷம் இந்தத் திருநாளில், தூரத்தில் புதைக்கப்பட்டவர்களுக்காக ஏற்றும் கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையடியில் அவருக்கும் ஒன்று ஏற்றுவாய். "மெழுகுவத்தி ஏத்துற, செத்துட்டாருன்னு மட்டும் எழுத மாட்ட" என்றால், "அது வேற, இது வேற" என்பாய். எனக்குப் புரிந்ததில்லை.

அப்புறம் நீயும் போய்விட்டாய்.

போன வாரம் ஜுருவிலிருந்து கல்லறைக் கல் செய்யும் தம்பி வந்தான். உன் பெயரைச் சொன்னேன், பிறந்த தேதியைச் சொன்னேன்.

"எறந்த தேதி, அங்கிள்?"

தெரியாமலா இருக்கும்? அவன் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"ஒரு வரிதானே அங்கிள்" என்றான் பாவம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு.

"இன்னிக்கு வேணாம் தம்பி. அந்த எடத்த விட்டு வை."

இப்போது உன் கல்லில் பாதி வெறுமையாக இருக்கிறது. ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று நம் மகள் கோபப்படுகிறாள். உன் புத்தகத்தையாவது முடித்து அச்சுக்குக் கொடுங்கள் என்கிறாள்.

முடிக்க மாட்டேன். அவர் காரிலேயே போகட்டும். நீ பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிரு. தேத்தண்ணி ஆறினால் ஆறட்டும், நான் வேறு போட்டுக் கொண்டுவருகிறேன்.