கொல்லைப் பக்கத்துப் பந்தல்

திருப்பாதிரிப்புலியூர்,
மாசி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

இங்கே நான் நலம். நீயும் இலக்கியாவும் மச்சான் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் துணையிருக்கட்டும். புதுப்பெண்ணைப் போல ஆடியில் பிறந்த வீட்டுக்குப் போனவள், மாசி வந்தும் திரும்பவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் மகளுக்கு வரன் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யும் இல்லையே.

இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். நீதான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்கிறவள் ஆயிற்றே. நான் பேசுவதை மச்சான் கேட்கிறார், அவர் சம்சாரம் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரியும் கேட்கிறாள். அதனால் எழுதி, நம் டிரைவர் கொளஞ்சியப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பஸ்ஸில்தான் வருகிறான். நம் வேன் உங்கள் தெருவில் நின்றால் யார் வீட்டில் சாவு என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பசியோடு வருவான், சோறு போட்டு அனுப்பு.

முதலில் நல்ல செய்தி. கொரோனாவில் நொடித்துப்போன கடைகளைத் தூக்கிவிட அரசாங்கம் தரும் நிதிக்கு எழுதிப் போட்டிருந்தோமே, அது வந்த மாதிரிதான். பாதி கடன், மீதியைத் திருப்பிக் கட்ட வேண்டாமாம். போன வாரம் கயல்விழி என்று ஒரு அதிகாரி கடையைப் பார்க்க வந்தார். சின்ன வயசுப் பெண். குடோன் தூசியில் தும்மிக்கொண்டே நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டீ வாங்கி வரச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார்.

நான் என்னென்ன சாமான் கேட்டு எழுதியிருந்தேன் என்று உனக்குத் தெரியும். புதுச் சாமியானா, மேடை, சீரியல் விளக்கு, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் நாற்காலி. ஆனால் இப்போது நடக்கிற தொழிலுக்கு மட்டும்தான் பணமாம். பில் புத்தகத்தைப் புரட்டினார். எல்லாம் சாவு வீட்டு பில். பிணம் வைக்கும் ஐஸ் பெட்டி, தார்ப்பாய், பெஞ்சு, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாத்திரம். எனக்கே அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "ஒரே ஒரு கல்யாண பில்லு இருந்தாக்கூட போதுண்ணே, விசேஷ வேலையும் நடக்குதுன்னு எழுதிடுவேன். இல்லன்னா ஐஸ் பெட்டிக்குத்தான் எழுத முடியும்."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருப்பதைத்தானே எழுத முடியும். நமக்கு முதல் பெட்டியை விற்ற லூர்துசாமி, யாரிடமாவது சொல்லி ஒரு பொய் பில் போட்டுவிடலாம் என்றார். ஏற்கெனவே கெட்ட பேர் போதாதா என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

ராத்திரி பகலாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊரடங்கில் மண்டபத்தையெல்லாம் பூட்டி, கல்யாணத்தை வீட்டுக் கூடத்திலேயே முடித்துக்கொண்டார்கள். சாமியானாக்காரனை யார் தேடினார்கள்? அப்போது வாங்கிய அந்த ஐஸ் பெட்டிதான் நமக்கு அரிசி வாங்கிப் போட்டது. நீயும் சரி என்றுதான் சொன்னாய். சாவுச் சாமான் ஒரு பக்கம், கல்யாணச் சாமான் ஒரு பக்கம் என்று குடோனுக்கு நடுவில் தட்டி வைத்து மறைத்தோம். தெருவுக்குத் தெரு சாவு விழுந்தபோது இருந்த நாற்காலி போதவில்லை. கல்யாணம்தான் கிடையாதே என்று அந்த நாற்காலிகளையும் ஏற்றி அனுப்பினோம். கடை உன் பெயரில் இருப்பதும், ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் சிவப்புப் பெயிண்டில் 'சௌந்தரம்' என்று எழுதியிருப்பதும் நம் இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை.

பிறகு அந்த மஞ்சக்குப்பத்துக் காதுகுத்து. உட்காரப் போன அம்மாள் பெயரைப் பார்த்துவிட்டு, இது எங்கள் மாமனார் சாவுக்கு வந்த நாற்காலி என்று சபையில் சொன்னதோடு முடிந்தது நம் கல்யாண வியாபாரம். பெயிண்ட்டை மாற்றிப் பார்த்தேன், வாடகையைக் குறைத்துப் பார்த்தேன். ஒருத்தரும் வரவில்லை. சௌந்தரம் என்றால் சாவு வீடு என்று ஊரில் ஆகிப்போனது உனக்கு மட்டுமல்ல, எனக்கும் வலித்தது. நம் வேனில் கல்யாணச் சாமியானா ஏறட்டும், அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாய். அதை நான் மறக்கவில்லை.

கயல்விழி அப்படிச் சொன்னதும் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டிலேயே ஒரு கல்யாணம் இருக்கிறது. வைகாசியில் கோயிலில் தாலி கட்டு, மச்சான் வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு. அந்தப் பந்தல் நம்முடையதாக இருந்தால் ஒரு உண்மையான பில் ஆகும், நாலு பேர் பார்த்த மாதிரியும் ஆகும். இலக்கியாவுக்கென்று தைத்து வைத்த மாம்பழ நிறச் சாமியானா பரணில் அப்படியே இருக்கிறது. ஒரு சாவுக்கும் அதை அனுப்பியதில்லை. மழை விட்டதும் வெயிலில் காயப்போட்டு, பூச்சி உருண்டை வைத்து நானே மடித்தேன். இது ஏன் வாடகைக்குப் போவதில்லை என்று கயல்விழிகூடக் கேட்டார். மகளுடையது என்றேன்.

மறுநாளே மச்சான் போன் செய்தார். மாப்பிள்ளை செம்பியனுடைய அப்பா சிதம்பரத்திலிருந்து வந்து பேசிவிட்டுப் போனாராம். பெண்ணைப் பிடித்திருக்கிறது, நகையைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் அந்தக் கடைச் சாமான் ஒரு கரண்டிகூடக் கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று சொன்னாராம். நீ என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாய்? எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. குடோனில் தட்டி வைத்து மறைத்தவன் நான்தானே. நானே நம்புகிறதை அவர் நம்பக்கூடாது என்றால் எப்படி?

இலக்கியாவும் உனக்குத் தெரியாமல் போன் செய்து அழுதாள். "வேற எவுங்க பந்தல்லயோ நான் ஏம்பா உக்காரணும்? நம்முது இல்லன்னா எனக்குக் கல்யாணமே வாணாம்" என்றாள். "பந்தல மறுநாளே அவுத்துடுவாங்கம்மா. நீ அந்த வூட்ல காலம் பூரா இருக்கணும்" என்று சொல்லி வைத்தேன். அவளைத் திட்டாதே.

ஆகவே ஐஸ் பெட்டிக்கே எழுதச் சொல்லிவிட்டேன். இரண்டு புதுப் பெட்டி, ஒரு வண்டி. இதோடு வைத்திருக்கும் காகிதத்தில், பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் உன் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் பணம் வேறு ஆளுக்குப் போய்விடும், கடையைப் பூட்ட வேண்டியதுதான். கையெழுத்துப் போட்டால் இனி இது சாவுக் கடைதான். கல்யாணச் சாமியானா ஏறப் போவதில்லை. அப்படியானால் நீ சொன்ன வார்த்தைப்படி நீ திரும்பி வர வேண்டியதும் இல்லை. அது தெரிந்துதான் இந்தக் காகிதத்தை அனுப்புகிறேன். புதுப் பெட்டிகளில் உன் பெயர் இருக்காது, மணவாளன் என்றே எழுதச் சொல்லிவிட்டேன்.

பந்தலுக்குச் சிதம்பரத்தில் நல்ல கடையாகப் பார்த்து மச்சானைச் சொல்லச் சொல். வைகாசிக் காற்றுக்கு மேற்குப் பக்கக் கயிறு இரட்டையாக இருக்க வேண்டும், வந்த ஆட்கள் சோம்பேறித்தனமாக ஒற்றையில் கட்டிவிட்டுப் போவார்கள். நீ நின்று பார்த்துக்கொள். நான் விருந்தாளி மாதிரி வந்து, தாரை வார்க்க நிற்க வேண்டிய நேரத்துக்கு நிற்கிறேன். கடைப் பேச்சு எடுக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொல்லையில் சமையல் ஆட்கள் காய் நறுக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். அங்கே மட்டும் அந்த மாம்பழ நிறத் துணியைக் கட்ட விடு. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். முதல் நாளே வந்து நானே கட்டுகிறேன், முடிந்ததும் நானே அவிழ்த்துக்கொண்டு போகிறேன். பில் எதுவும் கிடையாது. கோயிலுக்குக் கிளம்பும் முன்னால் கை கழுவுகிற சாக்கில் இலக்கியாவை அங்கே ஒரு தடவை அழைத்து வா. அவள் அதன் கீழே ஒரு நிமிஷம் நிற்கட்டும். நீயும் பக்கத்தில் நில்.

நம் மகள் போகிற வீட்டில் குறையில்லாமல் வாழட்டும்.

உன்னுடைய,
மணவாளன்