முன்வாசலும் கழுத்துப்பட்டையும்

மாதா துணை

ஈசா டவுன், பஹ்ரைன்
பிப்ரவரி 2006

அன்பு மகன் ரெஜினுக்கு அப்பா பத்திநாதன் எழுதுவது. நாங்கள் நலம். உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இந்த வாரமும் நைட் டியூட்டிதான். போனில் நான் வாயைத் திறந்தாலே அவள் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் லீவு முடிந்து ஷார்ஜா திரும்பும் ஜெனின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவனைக் கோபிக்காதே. அங்கே ரோலாப் பகுதியில் உன்னோடு ஒரே ரூமில் இருப்பவன், நான் கேட்டபோது பொய் சொல்ல முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ரக்பி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கிளப்பில் ஒன்றாக உட்கார்ந்து விருந்து சாப்பிடுவோம் என்று நீ சொன்னாய். உன் அம்மா அதைக் கோயில் முழுக்கச் சொல்லிவிட்டாள். நீயோ பின்வாசல் வழியாக வெளியேறி, ஈர பனியனோடு பஸ் நிறுத்தத்தில் நின்று ஷவர்மா தின்கிறாயாம். உனக்கு முன்னால் நம் நிறத்து ஆள் ஒருவன்கூட அந்த வெள்ளைக்காரக் கிளப்பின் சட்டையைப் போட்டதில்லை என்று நான் பெருமை அடித்துத் திரிந்தேன்.

விருந்து உறுப்பினர்களுக்கு மட்டும்தானாம். உறுப்பினர் ஆவதற்கு, ஏற்கெனவே உறுப்பினராக இருக்கிற இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். உன் தோளோடு தோள் சேர்த்து முட்டுகிற பதினான்கு பேரில் இரண்டு கைகூடவா கிடைக்கவில்லை? உன் கேப்டன் "யூ ஆர் அவர் பெஸ்ட் மேன், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றானாம். பெஸ்ட் மேனுக்கு ஒரு நாற்காலி இல்லையா?

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் இந்த முட்டைப் பந்து ஆட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களுக்குத் தனி மைதானம் வைத்திருந்தார்களாம். அங்கே வேலி இருந்தது, பலகை இருந்தது. உன் கிளப்பில் பலகை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் கரையில் கரமடி வலை இழுத்தால், கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு ஒதுக்காமல் மீனை ஏலம் விடமாட்டார்கள். வழியோடு போனவன் வந்து பிடித்தாலும் பங்கு உண்டு. படிக்காத மீன்பிடிக்காரனுக்குத் தெரிந்த நியாயம் அது.

உன் அம்மா அழுகிறாள். "கேப்டன்தானே வேலையிலயும் அவனுக்கு மேனேஜர்? அவன் வேலைக்கு உலை வச்சிராதீங்க. கிளப்புல சோறு தரலன்னா என்ன, ரூம்ல சோறு இல்லியா? சுபிஷா கல்யாணம் நிக்குது பாத்துக்கிடுங்க" என்கிறாள். நான், "சோத்துக்கா சண்டை போடுறேன் ஜெபகனி?" என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

அவள் பயம் பொய்யில்லை. விசாவைக் கேன்சல் செய்தாலும் செய்வார்கள். செய்தால் இங்கே வா. தங்கையின் கல்யாணம் என் பொறுப்பு, உன் தோளில் ஏற்றமாட்டேன்.

வெள்ளிக்கிழமை இறுதி ஆட்டம். நீ இல்லாமல் இறங்க அவர்களுக்குத் தைரியம் கிடையாது. ஆகவே சட்டையை மாட்டுவதற்கு முன்பே, எல்லார் காதிலும் விழும்படி அந்த இரண்டு கையெழுத்தைக் கேள். ஜெயித்த பிறகு கேட்டால் அது பிச்சை. கொடுக்காவிட்டால் சட்டையை மடித்து கேப்டன் கையில் வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வெளியே வா. கத்தாதே, கை ஓங்காதே.

ஜெனினிடம் ஒரு பொட்டலம் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் ஒரு டையும். விருந்துக்கு டை கட்டாதவனை உள்ளே விடமாட்டார்களாம். அதையே சாக்காகச் சொல்லிவிடக் கூடாது. வலை முடிச்சுத் தெரிந்த கை எனக்கு, படத்தைப் பார்த்து நானே கட்டினேன். அவிழ்த்துவிடாதே, தலைவழியாகப் போட்டு இழுத்தால் போதும். சட்டையை மடித்து வைத்தவள் உன் அம்மா. என்னிடம் பேசாமலே மடித்தாள்.

எந்த வாசலில் வந்தாலும் தலை நிமிர்ந்து வா, மக்களே. மாதா உன்னோடு இருப்பாள். கழுத்தில் அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
பத்திநாதன்