இடுப்பில் கட்டிய பேட்டரி

ஞாயிறு, தாபோடி, புனே.

வேலிச்செடி வெட்டும் மெஷினைத் தூக்கினாலே என் வலது தோள் விட்டுப்போகிறது. கனமெல்லாம் பேட்டரிதான். அதனால் செத்துப்போன பழைய பேட்டரியின் கூட்டைப் பிரித்து, வயரும் ஃப்யூஸும் வைத்து ஒரு அடாப்டர் செய்தேன். கூடு மெஷினில், நல்ல பேட்டரி என் இடுப்புப் பையில். இன்று காலை மெஷின் கையில் இருப்பதே தெரியவில்லை. என் கணவர் இறந்துபோனதிலிருந்து தலைக்கு மேல் வளர்ந்திருந்த, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலான வேலியை மார்பளவுக்கு இறக்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு சுனந்தாவிடம் காட்டத்தான் அத்தனை அவசரம். கூப்பிட்டேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் கதவில் பூட்டு, தொட்டியில் துளசி காய்ந்து கிடக்கிறது.

வாட்ச்மேனைக் கேட்டேன். “அவங்க பொண்ணு வீட்டோட இருக்க நாக்பூருக்கே போயிட்டாங்களே ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாதா?” என்றான் இந்தியில்.

தெரியாது. ராத்திரியில் அங்கே விளக்கு எரியாததைக்கூட நான் பார்க்கவில்லை.

பேட்டரியில் சார்ஜ் மிச்சமிருந்தது. அவள் பக்கத்தையும் ஒழுங்காக வெட்டிவிட்டு உள்ளே வந்தேன். மகனுக்கு போட்டோ அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

சுனந்தாவின் நம்பர் இருக்கிறது. ஆனால் எதில் ஆரம்பிப்பது? நல்லபடியாக ஊர் போய் இறங்கினாயா என்று கேட்கக்கூட நாள் கடந்துவிட்டது.