கதவு ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில் டிரம் உண்டு

மாப்ள,

யாராலுமே நம்ப முடியாத ஒரு கதையை இந்த மடலில் சொல்லப்போகிறேன் என்று, பரளச்சிக்கும் திருச்சுழிக்கும் நடுவில் நிற்கிற அத்தனை சீமைக்கருவேல மரங்களையும் சாட்சி வைத்து உறுதி கூறுகிறேன். வேறு மரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடலாமென்றால் அந்தப் பக்கம் வேறு மரமே கிடையாது. உனக்கே தெரியும்.

போன மாதம் எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ஆட்டோவில் முப்பத்தேழு பேர், இரண்டு பருத்தி மூட்டை, ஒரு வெள்ளாட்டுக் குட்டி. குட்டி என் மடியில். அந்த நெரிசலில் செல்போன் நடுங்கியது. உன் மகள் கவிதா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். திறந்தால், நரைத்த தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் கையில் நம் இசைத்தட்டு! அட்டையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் தரை, நடுவில் சுவரில்லாமல் ஒற்றைக் கதவு. "இது நம்ம பரளச்சி கண்மாய்ல எடுத்த போட்டோ மாப்ள. கதவு மட்டுந்தேன் இங்கிலாந்துல இருந்து கொண்டாந்திருக்கான்" என்று நீ அடித்துச் சொல்வாயே, அதே அட்டை.

தாடிக்காரர் கண் கலங்கிப் பேசினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு எட்டியவரை அவர் சொன்னது இதுதான்: இந்த ஆல்பம் வந்தபோது பத்திரிகையில் பாட்டைப் பற்றி எழுதுகிற நாங்கள் எல்லோரும் இதைத் தூக்கி எறிந்தோம். குழு களைத்துவிட்டது, கதை முடிந்தது என்று எழுதினோம். இப்போது கேட்டால் அந்தக் குழு செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான். எங்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

கேட்கத் தெரியவில்லை! "கேக்கத் தெரியாம பாட்டு மேல பழியப் போடாதீங்கலே" என்று நீ எங்களைத் திட்டிய அதே பேச்சு. உலகமே உன் காலில் விழுந்து கிடக்கிறது, நீ போய்ச் சேர்ந்து வருசம் திரும்பப்போகிறது. என்னால் ஆட்டோவுக்குள் உட்கார முடியவில்லை. ஆட்டுக்குட்டியைப் பக்கத்து அம்மாளிடம் கொடுத்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே இறங்கி, உச்சி வெயிலில் டவுன் வரைக்கும் நடந்தேன். வீட்டுக்கு வந்தும் கால் நிற்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து தரையில் தடமே விழுந்துவிட்டது. "பேதிக்கு எதுவும் குடிச்சீகளா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

அந்த இசைத்தட்டு நம் கைக்கு வந்த கதையை நினைத்துக்கொண்டே நடந்தேன். நமக்கு மீசை முளைத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமலிருந்த காலம். நீ சவுண்டு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தாய். கல்யாண வீடுகளில் போட சினிமாப் பாட்டு இருக்குமென்று நம்பி, தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் உன் முதலாளி ஒரு கட்டு இசைத்தட்டை மொத்தமாக வாங்கி வந்தார். கப்பல்காரருக்கு ஒரு கால் இல்லை, சுறா கடித்தது. கட்டைப் பிரித்தால் எல்லாம் இங்கிலீஷ், பாதிக்கு மேல் அந்த ஒரே குழு. ப்ராக் ராக் என்று பின்னால்தான் பெயர் தெரிந்தது. ஒரு பாட்டு ஆரம்பித்தால் உளுந்து ஊறப்போட்டு, ஆட்டி, வடை சுட்டு முடிக்கலாம். தாளம் ஒரு பக்கம் போகும், ராகம் வேறு பஸ்ஸு ஏறிப் போகும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நீ மட்டும் அசையாமல் நின்று கேட்டாய்.

கடையின் பின்கட்டில், ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை நட்டு வைத்து கேசட்டில் பதிந்து எனக்கும் நம் கூட்டாளி செல்லையாவுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாய். அன்று முதல் நாம் மூவரும் அந்தக் குழுவின் அருப்புக்கோட்டை ரசிகர் மன்றம். மற்ற ஆல்பங்களில் மூவருக்கும் ஒரே கருத்து. கதவு ஆல்பம் வந்தால் மட்டும் அடிதடி. எனக்கும் செல்லையாவுக்கும் அது உப்பில்லாத களி. மூன்றாவது பாட்டை மட்டும் விட்டுக்கொடுப்போம். ஏனென்றால் அதிலே அந்த டிரம்.

அப்படி ஒரு டிரம்மை நான் பிறகு எந்த இசைத்தட்டிலும் கேட்கவில்லை. சடக், சடக் என்று கட்டை போல வறண்ட அடி. பாட்டு எங்கே திரும்பினாலும் கூடவே திரும்பும். திடீரென்று ஒரு அடி விட்டுப்போகும், மறுபடி சேர்ந்துகொள்ளும். அந்த விட்டுப்போன அடியைப் பற்றி நாம் பேசிய பேச்சுக்கு ஒரு பல்கலைக்கழகமே கட்டியிருக்கலாம். செல்லையா அப்போது புதுசாக பஸ் கண்டக்டர். விசிலை வைத்து அடி எண்ணிப் பார்த்து, "இது ஆப்பிரிக்காக் கணக்குடா" என்றான். அது சுடலைமாடன் கோயில் மேளக் கணக்கு, வெள்ளைக்காரன் இங்கே வந்து திருடிப் போயிருக்கிறான் என்று நான் நிறுவினேன். நீ சிரித்துக்கொண்டே, "ஒலகத்துலயே பெரிய டிரம்மர் மாப்ள அது. ரெண்டாவது ஆளு கெடையாது" என்பாய். உனக்குக் கல்யாணமான பிறகு உன் வீட்டில் கூடிப் பேசும்போது, உன் வீட்டுக்காரி மீனாட்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகும்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். உன் பெயரை உலகத்தில் நாட்ட வேண்டாமா? கவிதா கைபேசியில் ரசிகர் குழு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதினாள். "மகாஜனங்களே! நீங்கள் இன்றைக்குக் கண்டுபிடித்ததை அருப்புக்கோட்டையில் ஒருவன் அன்றைக்கே சொன்னான். மூன்றாவது பாட்டின் டிரம்மர் உலகத்திலேயே தலைசிறந்தவர் என்பது அவனுடைய தீர்ப்பு." மகாஜனங்களே என்பதற்கு இங்கிலீஷ் இல்லை என்று அவள் அதை மட்டும் விட்டுவிட்டாள்.

போலந்துக்காரர் ஒருவர் உடனே பதில் போட்டார். "எந்த டிரம்? மூன்றாவது பாட்டில் டிரம்மே கிடையாதே. டிரம்மர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். டிரம் இல்லாமல் இவ்வளவு நீளமான பாட்டைத் தாங்கி நிறுத்தினார்களே என்றுதான் இன்று எல்லோரும் வியக்கிறோம்." கீழே நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

கவிதா போனிலேயே பாட்டைப் போட்டாள். முழுதும் கேட்டோம். கீபோர்டு இருந்தது, கிட்டார் இருந்தது, புல்லாங்குழல்கூட இருந்தது. டிரம் இல்லை. ஒரு அடிகூட இல்லை.

மாப்ள, கையோடு செல்லையாவுக்குச் சொல்லி அனுப்பினேன். செல்லையா வந்தான், ரிட்டயர் ஆகியும் விசில் மாதிரியே பேசுகிறான்.

"ஏலே, இல்லாத டிரம்முக்கா இத்தன வருசம் தலையாட்டுனோம்?"

"கேசட்டுல இருந்துச்சுல்ல!"

"கேசட்டுல இருந்துச்சு. பாட்டுல இல்ல. உன் மாப்ளைக்கு எது பாட்டு, எது தெருச் சத்தம்னு தெரியல. நமக்கும் தெரியல. மூணு கோட்டிப் பயக."

அதுதான் என்னைக் குடைந்தது. உலகமே நீ சொன்னதை ஒப்புக்கொள்கிற நேரத்தில் நீ காதில்லாதவனாகிப் போவதா? உன் வருசத் திதிக்கு அந்தப் பாட்டைக் குழாய் ஸ்பீக்கரில் போட வேண்டும் என்று கவிதா ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். எதைப் போடுவது? டிரம் இல்லாத சரியான பாட்டையா, டிரம் உள்ள உன்னுடைய தப்பான பாட்டையா? செல்லையாவை இழுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க அவனோடு சண்டை.

மீனாட்சி நைட்டிக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. விசயத்தைச் சொன்னதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது பார், உன் போட்டோவில் போட்ட மாலையே ஆடிற்று.

"இம்புட்டு வருசமாவாண்ணே ஒங்களுக்குத் தெரியாது?"

"என்ன தெரியாது?"

"அது எங்க தறிண்ணே."

உட்காரச் சொல்லியும் நான் உட்காரவில்லை. மீனாட்சியும் நின்றபடியே சொன்னது. உன் கடைப் பின்கட்டுக்கும் அவர்கள் வீட்டுத் தறிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதிலே ஒரு சன்னல்.

"மொதல்ல அந்தச் சத்தம் கேட்டா எரிச்சலா வரும். கெடந்து கத்துதுகன்னு நெனப்பேன். போகப் போகக் கால் தன்னால அதுக்குத் தக்கன மிதிக்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு நாளு அவுக சன்னல்ல வந்து, இந்தப் பாட்டுல மேளக்காரன் இல்ல, நீ அடிக்கிறியான்னு கேட்டாக."

"அப்ப அவனுக்குத் தெரியுமா?" என்றான் செல்லையா.

"அவுகதான மைக்கத் திருப்பி சன்னலுக்கிட்ட வச்சது!"

செல்லையா மெதுவாகக் கேட்டான். "அப்ப அந்த ஒரு அடி விட்டுப்போகுமே, அது என்ன கணக்கு?"

"கணக்கு என்ன கணக்கு? நெத்தி வேர்வை கண்ணுல எறங்கும். தொடைக்க ஒரு மிதி விட்டுருவேன்."

ஆப்பிரிக்காவும் சுடலைமாடனும் ஒரே நேரத்தில் தோற்றுப் போனார்கள்.

பிறகு மீனாட்சி உள்ளே போய், நாங்கள் பார்த்தேயிராத ஒரு கேசட்டை எடுத்து வந்தது. எங்களுக்குக் கொடுத்தது இன்னொரு நாள் பதிந்ததாம். முதல் நாள் பதிந்த இதை நீ யாருக்கும் கொடுக்கவில்லையாம். மீனாட்சியே அதை உன் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டது. சூடேறிய தூசி வாடை வந்தது. உன் கடை வாடை. மூன்றாவது பாட்டு. சடக், சடக், சடக். நடுப்பாட்டில் தறி நின்றுவிட்டது. கீபோர்டு மட்டும் தனியாக, போகும் இடம் தெரியாத மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது உன் குரல், மீசை முளைத்த புதுக் குரல்: "ஏன் நிப்பாட்டுன?"

ஒரு பெண் குரல்: "இழை அறுந்துருச்சு."

"முடிஞ்சு ஓட்டு. பாட்டு இன்னும் இருக்கு."

கொஞ்ச நேரம் பாட்டு மட்டும். பிறகு, சடக்.

நானும் செல்லையாவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இந்த ஜில்லாவிலேயே பெரிய புளுகன் நான்தான் என்று பட்டம் கட்டிக்கொண்டு திரிந்தேனே! சாகிற வரைக்கும் எங்கள் முகத்துக்கு நேராக டிரம்மரைப் புகழ்ந்துகொண்டு, டீ வைக்க வந்த டிரம்மரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூட வெளியே விடாமல் போய்விட்டாயே, படுபாவி. நீதான் பெரியவன். பட்டத்தை இறக்கி வைத்துவிட்டேன்.

செல்லையா துள்ளினான். "இத அந்தப் போலந்துக்காரனுக்கு அனுப்புவோம். ஒலகம் பூராம் கேக்கட்டும்."

மீனாட்சி கேசட்டை வெளியே எடுத்துவிட்டது. "வேணாண்ணே. அது பாட்டு இல்ல. நாங்க பேசிக்கிட்டது." பிறகு என் பக்கம் திரும்பி, "வெளிய சொல்லிராதீகண்ணே. ஒங்களால முடியுமா?"

என்னைப் போய்! எங்களோடு கேட்டுக்கொண்டிருந்த கவிதாதான் காப்பாற்றினாள். "அம்மா, மாமா சொன்னா எவன் நம்புவான்?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விடுதலை கிடைத்தது. அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டில், சலூனில், ரேசன் கடை வரிசையில், எல்லா இடத்திலும் சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. "சித்தப்பு ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று சிரிக்கிறார்கள். ரகசியம் பத்திரமாக இருக்கிறது. போலந்துக்காரருக்கு மட்டும் ஒரே வரி போட்டோம்: "எங்கள் ஊரில் டிரம் உண்டு." நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

நேற்று உன் திதி. மீனாட்சி சொன்னபடி குழாயில் உலகத்துப் பாட்டைத்தான் போட்டோம், டிரம் இல்லாததை. குமாரலிங்கபுரம் வரைக்கும் கேட்டது. பந்தியில் உட்கார்ந்திருந்த உன் பங்காளிகள், "என்னப்பா இது, ரேடியோ இழுக்குதா?" என்று கேட்டார்கள். மூன்றாவது பாட்டு வந்தது. மீனாட்சி ரச வாளியோடு பந்தி நடுவில் நின்றுவிட்டது. சேலைக் கரைக்குக் கீழே வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. செல்லையாவுக்கும் எனக்கும் அது போதுமாக இருந்தது. பாட்டு முழுக்க டிரம் கேட்டோம்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன்னிடம் இதைச் சொல்லாமல் யாரிடம் சொல்ல? ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். எங்கே உட்கார்ந்தாலும் முழங்கால் தானாக ஆடுகிறது. விட்டுப்போகிற அந்த அடி வரும்போது கை நெற்றிக்குப் போகிறது, வேர்வை இல்லாவிட்டாலும். இனி இதைத் தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும் போல.

இந்த மடலை யாராவது படித்தால், இதில் எவ்வளவு உண்மை என்று கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன். ஆட்டோவில் முப்பத்தேழு பேர் இல்லை. கப்பல்காரருக்கு இரண்டு காலும் இருந்தன. சுறாவை நான் சேர்த்தேன். ஆட்டுக்குட்டி உண்டு, ஆனால் என் மடியில் ஏற மறுத்துவிட்டது. குழாய்ச் சத்தம் அடுத்த தெருவையே தாண்டவில்லை. மற்றவற்றையும் நம்ப வேண்டியதில்லை.

ஆனால், பாட்டின் நடுவில் தறி நின்றபோது, சன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து ஒருவன், "முடிஞ்சு ஓட்டு, பாட்டு இன்னும் இருக்கு" என்று சொன்னான். அது மட்டும் உண்மை.