எண்ணெய்ச் சூட்டில் ஒளிந்த அதிர்வு

என் அருமைச் சந்தேகக்காரா, மச்சான் எத்திராசு,

அங்கேயாவது யாரையும் சந்தேகப்படாமல் இருக்கிறாயா? செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நீ ஒரு நாளும் மீன் வாங்கியதில்லை. உன் தங்கையை எனக்குக் கொடுக்கும் முன் என்னைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்தவன் நீ. இப்போது அந்த வியாதி எனக்கு வந்திருக்கிறது.

சேதராப்பட்டு ஆலைக்கு மின்சாரம் தர நாம் சேர்ந்து ஓட்டினோமே, அதே டர்பைன்தான். மழை விட்டதிலிருந்து, சுழலும் தண்டைத் தாங்கும் முன் பேரிங்கில் அதிர்வு. நிறுத்தித் திறந்து பார்க்க வேண்டும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். லீவு முடிந்து திரும்பினால், பேரிங் மூடிமேல் வைத்த டீ கிளாஸில் ஒரு அலைகூட இல்லை.

“பாத்தீங்களா, தானா சரியாயிடுச்சு” என்று சிரித்தார் மேனேஜர். தானாகச் சரியாகும் பேரிங்கை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

எண்ணெயின் சூட்டைப் பார்த்தேன், வழக்கத்தைவிட ஏறியிருந்தது. அதைக் குளிர்விக்கும் தண்ணீர் வால்வை யாரோ பாதி மூடியிருந்தார்கள். உனக்குத் தெரியாததா? எண்ணெய் குளிர்ந்து கெட்டியானால், தேய்ந்த பேரிங்கில் தண்டு ஆடும். சூடேறி இளகினால் ஆட்டம் அடங்கும், தேய்மானம் அப்படியே இருக்கும். ஜுரத்தோடு இருக்கும் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிற கதைதான். இன்னும் சூடேறினால் எண்ணெய் நீர்த்துப்போய்ப் பேரிங்கே உருகிவிடும். அப்போது பக்கத்தில் நிற்கப்போவது யார்?

உன் மகள் கயல். நீ கண்ணை மூடிய பிறகு உன் வேலையை அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

வால்வை மூடியது யாரென்று ஷிஃப்டில் ஒருவரைக்கூட விடாமல் சந்தேகப்பட்டேன். கடைசியில்தான் கயலிடம் கேட்டேன்.

“நான்தான் மாமா மூடுனேன். மேனேஜர் சொன்னாரு. இல்லன்னா பர்மனன்ட் பண்ண மாட்டாராம்.”

திட்ட வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்க. மெஷின் நல்லாருக்குன்னு நீங்கதான கையெழுத்துப் போடணும்? போட்டுடுவீங்களா மாமா?”

நீ செவுளைத் தூக்கிப் பார்ப்பாயே, அதே பார்வை. அப்படித்தான் என்னைப் பார்த்தாள், மச்சான். எனக்கு அவமானமாகவும் இருந்தது, உன்னைக் கண்டதுபோல் சந்தோஷமாகவும் இருந்தது.

நாளைக்கு வருகிறவர்கள் முன்னாலேயே அந்த வால்வை முழுக்கத் திறப்பேன். எண்ணெய் குளிரட்டும், டீ கிளாஸ் ஆடுவதை அவர்களே பார்க்கட்டும். மூடியது யார் என்று கேட்டால், நான்தான் என்பேன். இந்த ஒன்றையாவது சந்தேகப்படாமல் நம்பு.

உன் தங்கை புருஷன்,
கலியபெருமாள்